அந்த பிஸ்டல் வேண்டாம் தம்பி, விதி 3ஐக் கேள்

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தான். சட்டக் கல்லூரியில் கடைசி ஆண்டு. டீக்கடையில் உட்கார்ந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செல்போனை மேசைக்கு அடியில் நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். ஒரு பிஸ்டல். பழைய ஃபாரின் சரக்கு. பிடியில் புதிதாக ஒட்டிய மரத்தகடு. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அரத்தால் ராவிய தடம்.

"பட்டறையில குடுத்து வேலை பார்த்திருக்காங்கண்ணே. குழல் மாத்தியாச்சாம். ட்ரிக்கர லேசாக்கிட்டாங்களாம், தொட்டாப் போதுமாம். அறுபதாயிரம் சொல்றான், பேசினா குறைப்பான். வாங்கட்டுமா?"

அவன் ரவுடி இல்லை. ஸ்டேட்டஸில் அரிவாள் படம் போடுகிறவனும் இல்லை. அவனுடைய அண்ணன், தனி ஊராட்சியில் தலைவர் தேர்தலுக்கு நிற்கத் தயாராகிறார். ஊர்த்தெருவிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து, "வேற ஆளு பார்த்து வச்சிருக்கோம், நீ நிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவது முறை ஆள் வரவில்லை, வைக்கோல் போர் எரிந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில் எஃப்.ஐ.ஆர். வேண்டாம், சி.எஸ்.ஆர். ரசீதாவது கொடுங்கள் என்று கேட்டும் கிடைக்கவில்லை. "பேசித் தீர்த்துக்கங்கப்பா" என்றார்களாம்.

அதன்பிறகுதான் அவன் பிஸ்டல் தேடியிருக்கிறான்.

இந்தக் கேள்வியை இதற்கு முன்பும் வேறு வேறு வார்த்தைகளில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விடுதி அறைகளில், படிப்பு வட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, தாழ்ந்த குரலில் கேட்பார்கள். தாழ்ந்த குரலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவது சரியில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அகிம்சைப் பிரசங்கம் செய்யப் போவதில்லை. எரிகிற வைக்கோல் போரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற குடும்பத்திடம் "அன்பே வெல்லும்" என்று சொல்வதற்கு ஒரு கொழுப்பு வேண்டும். உயிருக்கு ஆபத்து வரும்போது தற்காத்துக்கொள்ளும் உரிமையை இந்த நாட்டின் குற்றவியல் சட்டமே கொடுக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. அந்த உரிமை சேரிக்குப் பொருந்தாது என்று அதில் எங்கும் எழுதவில்லை. ஆகவே "தலித் கையில் துப்பாக்கியா!" என்று அதிர்ச்சி அடைகிற நடுநிலையாளர்கள், ஊர்ப் பெரிய வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்து என்றைக்காவது அதிர்ச்சி அடைந்தார்களா என்பதை முதலில் சொல்லட்டும்.

இருந்தும் தம்பியிடம் நான் சொன்ன பதில்: வாங்காதே.

ஏன் என்று சொல்கிறேன். முதலில் அந்தப் பொருளையே பார்ப்போம்.

விற்கிறவன் பெருமையாகச் சொன்ன ஒவ்வொன்றும் ஒரு எச்சரிக்கை. "ட்ரிக்கர் லேசு, தொட்டாப் போதும்" என்கிறான். பிஸ்டலின் சுத்தியலைப் பின்னால் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது உள்ளே இருக்கிற ஒரு சின்ன எஃகுக் கொக்கி. ட்ரிக்கரை லேசாக்குகிறேன் என்று பட்டறைக்காரன் அந்தக் கொக்கியை ராவுவான், அல்லது ஸ்பிரிங்கை மாற்றுவான். கொஞ்சம் கூடுதலாக ராவினால் போதும், கீழே விழுந்தாலும் வெடிக்கும், இடுப்பில் இடித்தாலும் வெடிக்கும். இடுப்பில் செருகியிருக்கும்போது அது யாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பார். "குழல் மாத்தியாச்சு" என்கிறான். குழலுக்குள் தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்கும் எஃகா அது, அளவு சரியாகக் கடையப்பட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முறையான தொழிற்சாலையில் வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை வெடித்துச் சோதித்து, தாங்கினால்தான் ப்ரூஃப் முத்திரை குத்துவார்கள். பட்டறையில் மாற்றிய குழலுக்கு அந்தச் சோதனை எப்போது நடக்கும்? நீ முதல் முறை சுடும்போது. சோதிக்கப்படுவது உன் விரல்களும் கண்களும்.

மூன்றாவது, அந்த ராவிய நம்பர். எதற்காக ஒருவன் நம்பரை அழிப்பான்? அந்தத் துப்பாக்கிக்கு ஒரு கடந்த காலம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டும். திருடப்பட்டிருக்கலாம். யாரோ ஒருவர் அதனால் செத்திருக்கலாம். துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் விடும் தடத்தையும் குழல் குண்டின் மேல் விடும் கீறலையும் தடய அறிவியல் கூடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குழல் மாறினாலும் ஊசி பழையதாக இருக்கலாம். உனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவனின் கொலை வழக்கைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வாயா?

சட்டமும் அந்த ராவிய தடத்தைத்தான் முதலில் பார்க்கும். ஆயுதச் சட்டம் 1959இன் பிரிவு 8 என்ன சொல்கிறது? அடையாள எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அது 9 எம்.எம். போலத் தடை செய்யப்பட்ட ரகமாக இருந்துவிட்டால் 7 முதல் 14 ஆண்டு. துப்பாக்கியை மாற்றுவது, பழுது பார்ப்பது, விற்பது எல்லாவற்றுக்கும் பிரிவு 5இன்படி தனி உரிமம் வேண்டும். அது இல்லாத பட்டறைக்காரனுக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. அவன் பிடிபடும் நாளில் உன் பெயரைச் சொல்லித்தான் ஜாமீன் தேடுவான்.

"மாட்டினாத்தானேண்ணே" என்றான் தம்பி.

மாட்டாமல் இருப்பதற்கு நீ யார்? வைக்கோல் போர் எரிந்ததற்கு ரசீது கொடுக்க நேரமில்லாத அதே காவல் நிலையத்துக்கு, காலனியில் துப்பாக்கி இருக்கிறது என்ற தகவல் போனால் எத்தனை ஜீப் வரும் என்று உனக்குத் தெரியாதா? உன் வீடு மட்டும் சோதிக்கப்படாது, தெரு முழுக்கச் சோதிக்கப்படும். மறுநாள் செய்தியில் உன் அண்ணன் வேட்பாளராக இருக்க மாட்டார், "ஆயுதக் கும்பலின் தலைவர்" ஆகிவிடுவார். உன் கறுப்புக் கோட்டு போய்விடும். குண்டர் சட்டம் வரும். அவர்கள் வைக்கோல் போருக்கு வைத்த தீ செய்யாத வேலையை, அந்தப் பிஸ்டல் செய்து முடிக்கும். தேர்தலில் உன் வீட்டுப் பெயர் இருக்காது. அவர்கள் கேட்டதும் அதைத்தானே?

இங்கே ஒரு கேள்வி வரும். எனக்கே வருகிற கேள்வி. மேலவளவு முருகேசனிடம் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்?

1996இல் மேலவளவு தனி ஊராட்சி ஆனது. தேர்தலையே நடத்தவிடாமல் செய்தார்கள். கடைசியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பிய பேருந்தை மறித்து, அவரையும் உடன் வந்தவர்களில் 6 பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகலில், பயணிகள் கண்முன்னே. அந்தப் பேருந்தை நினைக்கும் ஒவ்வொரு முறையும் என் கையும் எதையோ தேடுகிறது. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் முழுதாக யோசித்துப் பார்ப்போம். அத்தனை பேர் அரிவாளோடு சூழ்ந்துகொண்ட பேருந்துக்குள் ஒரு கைத்துப்பாக்கி எத்தனை பேரைத் தடுத்திருக்கும்? ஒருவர் விழுந்திருப்பார், இருவர் விழுந்திருப்பார்கள். அதற்குப் பதிலாக அன்று இரவு மேலவளவு காலனி என்ன ஆகியிருக்கும்? அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள் 17 பேர். அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. நாம் சுட்டிருந்தால், நமக்கு அந்தத் தாராளம் கிடைத்திருக்குமா?

முருகேசனைக் காப்பாற்றியிருக்கக்கூடியது எது? மிரட்டல் வெளிப்படையாக இருந்தது. வீடுகள் எரிந்திருந்தன. தேர்தல் தடைபட்டிருந்தது. ஆபத்து அந்த ஊரில் இருக்கிறது என்று ஆட்சியருக்குத் தெரியும், எஸ்.பி.க்குத் தெரியும், அரசுக்குத் தெரியும். அப்படித் தெரிந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய விதி அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வந்துவிட்டது. தம்பியிடம் நான் எடுத்துக் காட்டியது அந்த விதியைத்தான். சட்டக் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறான், அதை அவன் வாசித்ததில்லை. குற்றம் அவனுடையது மட்டும் இல்லை. நாம் பேசுவதில்லை.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. விதி 3, துணைவிதி 1. ஒவ்வொரு வரியாகப் பார்.

முதலில், வன்கொடுமை நிகழக்கூடும் அல்லது மீண்டும் நிகழக்கூடும் என்று கருதும் பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் எஸ்.பி.யும் நேரில் போய் நிலைமையைப் பார்க்க வேண்டும். பிறகு, தேவை எனக் கருதினால், அந்தப் பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய மட்டும் அல்ல, நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களுடைய உரிமங்களையும் சேர்த்துத்தான். அடுத்தது, சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்து, அவற்றைத் தயாரிப்பதைத் தடுக்க வேண்டும். அதற்கும் அடுத்தது, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தர, தேவை எனக் கருதினால், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும். அந்தப் பகுதியில் சிறப்புக் காவல் படையையும் நிறுத்த வேண்டும்.

இன்னொரு முறை வாசியுங்கள். வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரைக்கும் எழுதியவர்களுக்கு ஊர் எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. பண்ணையார் பெயரில் இருப்பது மச்சான் பெயருக்கு மாறும், மச்சான் பெயரில் இருப்பது காவல்காரன் பெயருக்கு மாறும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்கள். விதியின் வரிசையையும் கவனியுங்கள். முதலில் அவர்களுடைய ஆயுதத்தை எடு, பிறகு கள்ள ஆயுதத்தை எடு, அதற்குப் பிறகு நமக்குக் கொடு. சேரியை ஆயுதமயமாக்கச் சொல்லவில்லை. ஊரை நிராயுதமாக்கச் சொல்கிறது. அதையும் மீறி ஆபத்து இருந்தால்தான் நம் கைக்குத் துப்பாக்கி.

எத்தனை ஆட்சியர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்? உங்கள் மாவட்டத்தில் ஒருவரையாவது காட்டுங்கள் பார்ப்போம். "தேவை எனக் கருதினால்" என்ற மூன்று சொல்லுக்குள் முப்பது ஆண்டுகளாக அதிகாரிகள் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். வைக்கோல் போர் எரிந்தால் தேவை எனக் கருதுவதில்லை. வீடு எரிந்தாலும் கருதுவதில்லை. பிணம் விழுந்த பிறகு இழப்பீட்டுக் காசோலையோடு வந்து கருதுகிறார்கள்.

"ஒரு கிராமத்துல இருக்கிற துப்பாக்கிகளையெல்லாம் திரும்ப வாங்குறது நடைமுறையில முடியுமாங்க?" என்று ஒரு முன்னாள் அதிகாரி ஒரு கூட்டத்தில் என்னிடமே கேட்டார். முடியும் ஐயா. நீங்களே செய்கிறீர்கள். சட்டமன்றத் தேர்தலோ நாடாளுமன்றத் தேர்தலோ அறிவித்த சில நாட்களில், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வருகிறது. மிராசுதார், எஸ்டேட் முதலாளி, ஓய்வு பெற்ற பெரிய மனிதர் எல்லோரும் வரிசையில் நின்று ஒப்படைத்து ரசீது வாங்கிப் போகிறார்கள். யாரும் மானம் போய்விட்டது என்று அழுவதில்லை. ஓட்டுப் பெட்டிக்கு ஆபத்து என்றால் மாவட்டம் முழுக்கத் துப்பாக்கியைத் திரட்ட முடிகிறது. ஒரு சேரிக்கு ஆபத்து என்றால் ஒரே ஒரு ஊரில் திரட்ட முடியாதா?

இனி நம் தரப்பிலேயே இருக்கிற ஒரு வாதத்துக்கு வருகிறேன். "அரசிடம் மனு போடுவது பயந்தவன் வேலை. அவன் எடுத்தால் நாமும் எடுப்போம்" என்று மேடையில் முழங்கிவிட்டு, இரவு பத்து மணிக்கு நகரத்து வீட்டுக்குத் திரும்பிவிடும் அண்ணன்களின் வாதம் அது. தோழர்களே, அவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: வழக்கு வந்தால் வாய்தாவுக்கு யார் வருவது? தம்பி சிறையில் இருக்கும் இரண்டு வருடம் அவன் அம்மாவுக்கு யார் சோறு போடுவது? ரீல்ஸில் துப்பாக்கியோடு பின்னணி இசை போடுகிறவர்கள், அந்தக் காணொளியே ஒரு நாள் நீதிமன்றத்தில் சாட்சியாக வரும் என்று சொல்லிக்கொடுத்தார்களா?

ஆயுதத்தைப் பற்றி அம்பேத்கர் பேசாமல் இல்லை. சாதி அழித்தொழிப்பு நூலில், இந்தியாவில் ஏன் சமூகப் புரட்சி நிகழவில்லை என்று கேட்கும்போது, கீழே வைக்கப்பட்டவர்களுக்கு ஆயுதம் மறுக்கப்பட்டதை ஒரு காரணமாகவே அவர் சொல்கிறார். ஆயுத மறுப்பு சாதியின் ஒரு தூண் என்று அவருக்குத் தெரியும். 1818இல் கோரேகானில் போரிட்ட மகர்களை, 1890களில் பிரிட்டிஷ் ராணுவம் "போர்ச் சாதி இல்லை" என்று சேர்க்க மறுத்ததும் அவருக்குத் தெரியும், ராணுவத்தில் பணியாற்றியவரின் மகன் அவர். அதே அம்பேத்கர், 1927 மார்ச்சில் மகாடில் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்துத் திரும்பிய நம் மக்களை ஆதிக்க சாதியினர் தாக்கியபோது என்ன செய்தார்? திருப்பி அடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் அவர் ஒரு சொல் சொல்லக் காத்திருந்தார்கள். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கூட்டத்தை அடக்கினார், தாக்கியவர்கள் மேல் வழக்கு நடத்தினார், குளத்துக்கான வழக்கைப் பத்து ஆண்டுகள் நடத்தி 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அது கோழைத்தனம் என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

கடல் கடந்தும் இதே கதைதான். 1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். 1967இல் கலிஃபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள் சட்டப்படியே வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி காவல்துறையைக் கண்காணித்தபோது, அந்தச் சட்டத்தையே மாற்றினார்கள். 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞர், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று காவலரிடம் தானே முன்வந்து சொன்னார். உரிமம் இருந்தது. சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடைத்தெருவில் துப்பாக்கி விற்கும் நாட்டிலேயே, உரிமம் உள்ள கறுப்பின மனிதனை அந்தத் துப்பாக்கி காப்பாற்றவில்லை. உரிமம் இல்லாத, நம்பர் ராவிய பிஸ்டல் நம்மை எப்படிக் காப்பாற்றும்?

ஆகவே, கேட்பதை உரக்கக் கேட்போம். எப்படி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மிரட்டலை வழக்காக்குங்கள். வேட்புமனு போடாதே என்று பட்டியல் சாதியினரை மிரட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)இன்படியே குற்றம். சொத்துக்குத் தீ வைப்பது பிரிவு 3(2)இல் வருகிறது. புகாரைப் பதியாமல் கடமையை வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியருக்குப் பிரிவு 4இல் 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. நிலையத்தில் வாங்காவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள்.

அடுத்து, ஆட்சியருக்கு விதி 3இன் கீழ் மனு. ஊரை அடையாளம் காணப்பட்ட பகுதியாக அறிவிக்கவும், காவல் போடவும், உரிமங்களை ரத்து செய்யவும் கேளுங்கள். விதி 17இன்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். அதன் உறுப்பினர் யார் என்று கண்டுபிடித்து, அங்கே இதை எழுப்ப வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்த வட்டத்தில் எத்தனை துப்பாக்கி உரிமம் இருக்கிறது, அதில் பட்டியல் சாதியினருக்கு எத்தனை, விதி 3இன் கீழ் இதுவரை எத்தனை ரத்து செய்யப்பட்டன? பூஜ்யம் என்று பதில் வந்தால், அந்தப் பூஜ்யத்தைச் சுவரொட்டியாக அடித்து ஒட்டுங்கள்.

அதற்கும் மேல் ஆபத்து இருந்தால், பகிரங்கமாக உரிமம் கேளுங்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டம் பிரிவு 14 சொல்கிறது. குடிசை வீட்டுக்காரனுக்கு எதற்கு என்று கேட்கிற அதிகாரிக்கு அந்த வரியைக் காட்டுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், பிரிவு 18இல் மேல்முறையீடு உண்டு.

ஒரு பொறியையும் தெரிந்துகொள்ளுங்கள். தகராறு நடந்தால், அடித்தவன், அடிபட்டவன் இரு தரப்பு மேலும் காவல்துறை "அமைதிப் பிணை" நடவடிக்கை எடுக்கும். அந்தக் காலத்து 107, இந்தக் காலத்து 126. சம்பிரதாயக் கையெழுத்துதானே என்று போட்டுவிடுகிறோம். பிணைப் பத்திரம் எழுதித்தர உத்தரவாகிவிட்டால், அந்தக் காலம் முடியும் வரை ஆயுதச் சட்டம் பிரிவு 9இன்படி துப்பாக்கி வைத்திருக்கும் தகுதியே போய்விடும். வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உரிமம் கிடைத்த பிறகு பழைய துப்பாக்கி வாங்குவது தனி விஷயம். 1980களின் நடுவிலிருந்து தனியாருக்குத் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுவிட்டதால், பழைய ஃபாரின் பிஸ்டல்கள் லட்சக்கணக்கில் கைமாறுகின்றன. 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று விற்பனைக்கு விட்ட நிர்பீக் ரிவால்வரின் விலையே ஒரு லட்சத்துக்கு மேல். உரிமம் பெற்றவர் 70 வயதானாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றிக்கொள்ளவும் 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. நிலம் எப்படி வருகிறதோ, சாதி எப்படி வருகிறதோ, அப்படியே துப்பாக்கியும் பெரிய வீட்டில் அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. நம் வீட்டில் வாரிசாக வருவது வட்டிக் கடன். அப்படியும் வாங்க வேண்டி வந்தால், உரிமம் உள்ள கடையில், நம்பரும் ப்ரூஃப் முத்திரையும் உரிமத்தாளோடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். யாரோ ராவி "மேம்படுத்திய" எதையும் தொடாதீர்கள். மேம்படுத்தியவனின் வீட்டில் அது இருக்கட்டும்.

சந்துக்குள் ஒரு பிஸ்டலை வாங்கும்போது நீ அரசை விடுதலை செய்துவிடுகிறாய். உன்னைக் காப்பது அதன் வேலை. அந்த வேலைக்குத்தான் சம்பளம், ஜீப், ஆயுதக் கிடங்கு எல்லாம். நீயே உன்னைக் காத்துக்கொள்ளப் புறப்பட்டால் அது ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும், பிறகு உன்னைப் பிடிக்க மட்டும் வரும். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். 1997 டிசம்பரில் பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனாவின் துப்பாக்கிகள் 58 பேரைக் கொன்றன. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் தண்டிக்கப்பட்ட 26 பேரையும் விடுவித்தது. அந்த ஊர்களில் ஆபத்து இருப்பது அரசுக்குத் தெரியாதா? தெரிந்தும் பண்ணையின் துப்பாக்கியை யாரும் எடுக்கவில்லை. நம் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அது. அறுபதாயிரம் ரூபாய்க்கு அந்தக் கோபத்தை விற்றுவிடாதே.

தம்பி அந்தப் படத்தை அழித்தான். முழு மனதோடு அழித்தான் என்று சொல்ல மாட்டேன். "அதுக்குள்ள அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை. உத்தரவாதமும் இல்லை. அன்றிலிருந்து இரவில் அவர்கள் வீட்டில் நாங்கள் மாறி மாறிப் படுக்கிறோம். வாசலில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறோம். காலனிப் பெண்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, ஊர்த்தெரு வண்டி உள்ளே வந்தால் நம்பரோடு போடுகிறார்கள். இது போதுமா என்றால், போதாது. போதாததால்தான் மனு.

மூன்று பக்க மனுவை அவனே எழுதினான். விதி 3ஐ வரி வரியாக எழுதி, வைக்கோல் போர் எரிந்த படத்தை இணைத்து, கடைசியில் அண்ணனுக்குத் துப்பாக்கி உரிமமும் கேட்டிருந்தான். அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் எதுக்குப்பா துப்பாக்கி?"

தம்பி அமைதியாகச் சொன்னான். "சார், இதே கேள்விய ஊர்த்தெருவுல துப்பாக்கி வச்சிருக்கறவங்ககிட்ட கேட்டு, அதுங்கள வாங்கி வச்சிட்டீங்கன்னா, எங்களுக்கு வேணாம் சார். மனுவுலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

முத்திரை போட்ட ரசீது எங்களிடம் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இதே மனுவோடு காலனியே வரும்.

ஜெய் பீம்.